சபை தொடங்க அனுப்பிவிட்டோம், அதன் பிறகு?

வாசல்காவலன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையிலிருந்து ஒரு குடும்பத்தைப் புதுச் சபை தொடங்க அனுப்பினோம். தலையில் கைவைத்து ஜெபித்து வழியனுப்பி மூன்றாவது வருஷம் நடக்கிறது. வீட்டுக் கூட்டமாக ஆரம்பித்தது. இப்போது ஞாயிறு ஆராதனை, ஒழுங்காக வருகிற சில குடும்பங்கள், ஞானஸ்நானம் எடுத்தவர்கள் என்று வளர்ந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் குறையே தெரியாது. ஆனால் அந்தப் பாஸ்டர் மாதாமாதம் அனுப்புகிற ஜெபக்குறிப்பு மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் யார் யாருக்கு என்ன தேவை என்று பக்கம் பக்கமாக எழுதுவார். போன மாதம் வந்தது இவ்வளவுதான்: "எல்லாம் கர்த்தருடைய கிருபை. ஜெபித்துக்கொள்ளுங்கள்." போன் செய்தாலும் அதே பதில்தான்.

கமிட்டியில் பேசினோம். சபை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு மேடையில் கனம்பண்ணலாம் என்றார் ஒருவர். மாத உதவியை உயர்த்தலாம் என்றார் இன்னொருவர். அவர் சோர்ந்துவிட்டார், வேறு ஆளை அனுப்பலாம் என்றும் ஒரு குரல் வந்தது. மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை. சபை தொடங்கின அனுபவம் உள்ளவர்களும், அப்படிப்பட்டவர்களைத் தாங்கின அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள்.

கூடாரத்தொழில்

பிரதர், ஒன்றைக் கவனித்தீர்களா? அவருக்கு உதவித்தொகை கொடுப்பது உங்கள் கமிட்டி. அவர் ஜெபக்குறிப்பு அனுப்புவதும் அதே கமிட்டிக்கு. அவரை மாற்றலாமா என்று பேசுவதும் அதே கமிட்டி. இப்படி இருக்கும்போது "ஒரு மாதமாக எனக்கு ஜெபிக்கவே மனம் வரவில்லை" என்று அவர் யாருக்கு எழுதுவார்?

வேலைக்குப் போய்க்கொண்டே சபை தொடங்கினவன் நான். எனக்குச் சம்பளம் கொடுத்தது என் கம்பெனி, சபையைப் பற்றி என்னிடம் கேட்டது வேறு ஆட்கள். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்ல முடிந்தது. உங்கள் பாஸ்டருக்கு அந்த வசதி இல்லை. படியளக்கிறவரும் பாரத்தைக் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் எந்த ஊழியரும் நல்ல செய்தி மட்டும்தான் அனுப்புவார். நல்ல செய்தி தீர்ந்துபோனால் குறிப்பு சுருங்கும்.

முதலில் இந்த இரண்டையும் பிரியுங்கள். மேடையைப் பிறகு பார்க்கலாம்.

பழைய மூப்பர்

கூடாரத்தொழில் தம்பி சொன்னது சரி. நான் வேதத்திலிருந்து சேர்க்கிறேன்.

அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துப்போனார் என்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அடுத்த நாள் தெர்பைக்குப் போனார், அங்கே அநேகரைச் சீஷராக்கினார். அதற்குப் பிறகு எந்த வழியாகத் திரும்பினார்? அதே லீஸ்திரா, அதே இக்கோனியா, அதே அந்தியோகியா. கல்லெறி வாங்கின ஊருக்கே திரும்பிப் போய்ச் சீஷருடைய மனதைத் திடப்படுத்தினார், சபைகள்தோறும் மூப்பரை ஏற்படுத்தினார்.

நாம் எல்லாரும் "இரண்டாம் மிஷனரிப் பயணம்" என்று பெரிதாகப் பேசுகிறோம். அது எப்படி ஆரம்பித்தது? 15ஆம் அதிகாரம் 36ஆம் வசனம்: ஏற்கெனவே வசனம் அறிவித்த பட்டணங்களுக்குப் போய், சகோதரர் எப்படியிருக்கிறார்கள் என்று பார்த்துவரலாம் என்று பவுல் பர்னபாவிடம் சொன்னார். புது இடம் பிடிக்கும் திட்டம் எதுவும் அப்போது கையில் இல்லை. பார்த்துவரப் புறப்பட்டவர்தான் மக்கெதோனியா வரை போனார்.

தெசலோனிக்கேயரைப் பற்றி அவருக்குக் கவலை தாங்கவில்லை. என்ன செய்தார்? கடிதம் மட்டும் போதும் என்று விடவில்லை. தான் தனியாக அத்தேனேயில் இருந்தாலும் பரவாயில்லை என்று தீமோத்தேயுவை அனுப்பினார் (1 தெச 3). போனவன் நல்ல செய்தியோடு திரும்பினபோது, ஆறுதலடைந்தது பவுல்தான். இது இருபக்கமும் ஓடுகிற விஷயம்.

ஆகவே வாசல்காவலன் ஐயா, இந்த மூன்று வருஷத்தில் உங்களில் யாராவது நேரில் போனீர்களா? பிரதிஷ்டை ஆராதனைக்கும் ஞானஸ்நான ஆராதனைக்கும் போனதைக் கேட்கவில்லை. ஒன்றும் விசேஷம் இல்லாத சாதாரண வாரத்தில் போய் இரண்டு நாள் தங்கினீர்களா?

வாசல்காவலன்

மூப்பர் ஐயா கேட்டதற்கு நேரான பதில்: விசேஷங்களுக்குப் போயிருக்கிறோம். சாதாரண வாரத்தில் யாரும் போய்த் தங்கினதாக எனக்குத் தெரியவில்லை. கமிட்டியில் விசாரித்துச் சொல்கிறேன்.

மூன்றாம்பெஞ்ச்

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடிப்படைக் கேள்வி ஒன்று. இவ்வளவு சபைகள் இருக்கும்போது புதுச் சபை எதற்கு? நான் பார்த்த "புதுச் சபை"களில் பாதிக்கு மேல் பழைய சபையில் சண்டை போட்டுப் பிரிந்தவை. மீதியில் பாதி, பக்கத்துச் சபையின் விசுவாசிகளை இழுத்துக்கொண்டவை. ஆட்டைத் திருடி மந்தை சேர்த்துவிட்டு, மேய்ப்பனுக்கு உற்சாகம் வேண்டும் என்றால் என்ன நியாயம்?

எலீம்

மூன்றாம்பெஞ்ச் சொல்வதில் பாதி உண்மை. பவுலே ரோமர் 15:20இல் வேறொருவன் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாமல், கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடத்தில் அறிவிக்கவே விரும்பினதாகச் சொல்கிறார். அந்த அளவுகோலை வைத்தால் இன்று பல "திறப்பு விழாக்கள்" தேறாது.

மறுபாதி இது. பழைய சபையில் எல்லா இடமும் யாருக்கோ சொந்தமாகிவிட்டது. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, உட்காரும் பெஞ்ச் வரை. (உங்கள் பெயரே சாட்சி 😀) புதிதாக வருகிறவன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். புதுச் சபையில் எல்லோருமே புதியவர்கள். நாற்காலி போடக்கூட ஆள் தேவைப்படுகிறது. வந்த இரண்டாவது வாரமே அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதனால்தான் இதுவரை எந்தச் சபைக்கும் போகாதவர்கள் அங்கே நிலைக்கிறார்கள்.

சண்டையில் பிரிந்தது எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். மாற்கு எனப்பட்ட யோவானைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுங்கோபத்தில் பிரிந்தார்கள். ஒரு குழு இரண்டு குழு ஆனது. கோபத்தை நியாயப்படுத்தவில்லை. ஆனால் பவுல் கைவிட்ட அந்த இளைஞனைப் பர்னபா கைவிடவில்லை. பிற்பாடு பவுலே, மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதினார். தலைவர்களைத் தாங்குவது பற்றிப் பேசுகிற இழையில் இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம்பெஞ்ச்

பெஞ்சைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் 😀 ஆனால் கேள்வி நிற்கிறது. வாசல்காவலன், அங்கே வருகிறவர்களில் எத்தனை பேர் வேறு சபையிலிருந்து வந்தவர்கள்? அது தெரிந்தால் அவர் சோர்வுக்குக் காரணமும் தெரியலாம். வேறு சபையிலிருந்து கசப்போடு வந்தவர்கள் புதுப் பாஸ்டரை ஒரே வருஷத்தில் அந்தப் பழைய பாஸ்டரோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்.

ஒலிவமரம்

இவ்வளவு நேரமும் ஆண்கள் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "ஒரு குடும்பத்தை அனுப்பினோம்" என்று ஐயா எழுதினார். அதற்குப் பிறகு குடும்பம் காணாமல் போய்விட்டது.

நான் பாஸ்டர் மனைவி. சபை எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. வீட்டில் சபை கூடினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எந்த நேரத்திலும் ஆள் வரலாம். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற அறையில்தான் உபவாச ஜெபம். வீட்டுக்காரர் என்மேல் கோபப்பட்டால்கூட மெதுவாகத்தான் கோபப்பட வேண்டும், பக்கத்து அறையில் யாராவது முழங்காலில் இருப்பார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியை, பெண்கள் ஐக்கியத் தலைவி, துப்புரவு, கீபோர்டு எல்லாம் நான்தான். எனக்குப் பாட்டு வராது, அது வேறு விஷயம். என்னிடம் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டவர்கள் பாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளக் கேட்டவர்கள்.

இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி வில்லியம் கேரியை எல்லாரும் உதாரணம் சொல்வோம். 1793இல் வங்காளம் வந்தார். அடுத்த வருஷமே அவருடைய சின்ன மகன் பீட்டர் இறந்துபோனான். மனைவி டாரத்தி மனம் கலங்கிப்போய், 1807இல் இறக்கும்வரை தேறவே இல்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளை எண்ணுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நான் கேரியைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும். ஆனால் நமக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருப்பதுதான் தப்பு.

ஐயா, உங்கள் சபையிலிருந்து ஒரு சகோதரி, பாஸ்டரின் மனைவியிடம் மட்டும், சபையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பேச முடியுமா? முடிந்தால் உங்களுக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

கூடாரத்தொழில்

ஒலிவமரம் அக்கா சொன்னதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "கீபோர்டு வரைக்கும் சரி" என்றாள்.

கணக்குப்புத்தகம்

பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். உதவித்தொகையை உயர்த்துவது இரக்கம் மாதிரி தெரியும். நீண்ட நாளில் அது சபையைக் குழந்தையாகவே வைத்திருக்கும்.

இது பழைய விவாதம். 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஹென்றி வென், அமெரிக்காவில் ரூஃபஸ் ஆண்டர்சன் என்ற மிஷன் செயலாளர்கள், புதுச் சபைகள் தங்களைத் தாங்களே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்றார்கள். சீனாவின் ஷாண்டோங்கில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ் 1890இல் கொரியாவுக்குப் போய் அங்கிருந்த இளம் மிஷனரிகளுக்கு இதைப் போதித்தார்: வெளிப்பணத்தில் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்காதீர்கள், ஆலயத்தை அந்த விசுவாசிகளே தங்கள் சக்திக்கு ஏற்றபடி கட்டட்டும், எல்லாருக்கும் வேதத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள். கொரியச் சபையின் வளர்ச்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். நம்முடைய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் 1903இல் தொடங்கினபோதும் இதே பிடிவாதம்தான்: நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம்.

ஆகவே முதல் வருஷம் முழு உதவி, பிறகு வருஷாவருஷம் குறைத்துக்கொண்டே வாருங்கள். முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதுவும் ஒரு வகை உற்சாகம்தான்.

கூடாரத்தொழில்

கணக்குப்புத்தகம், கொள்கை சரி. ஆனால் மூன்றாம் வருஷம், மனுஷன் சோர்ந்திருக்கும் சமயத்தில் "இனி குறைக்கிறோம்" என்று கடிதம் போனால் அது உற்சாகமா? கொள்கையைத் தொடக்கத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நடுவில் சொன்னால் தண்டனை மாதிரித்தான் படும்.

"பவுல் கூடாரம் பண்ணினார், நீயும் வேலைக்குப் போ" என்று சொல்கிறவர்கள் அப்போஸ்தலர் 18ஐ முழுதாக வாசிக்க வேண்டும். 3ஆம் வசனத்தில் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் கூடாரம் பண்ணுகிறார். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசுகிறார். 5ஆம் வசனத்தில் சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்த பிறகு வசனத்தில் முழுமூச்சாக இறங்குகிறார். மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் தன் குறைவை நிறைவாக்கினார்கள் என்று 2 கொரிந்தியர் 11இல் அவரே எழுதுகிறார். பணமும் வந்தது, பணத்தோடு தெரிந்த முகமும் வந்தது. வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது மக்கெதோனியா முறை ஆகாது.

வேலை பார்த்துக்கொண்டு சபை நடத்துவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சாவு வீட்டுக்குப் போக லீவு கேட்டு நிற்கிற அனுபவம் இருந்தால்தான் அது தெரியும்.

கணக்குப்புத்தகம்

அந்த முகம் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். குறைப்பதை இந்த வருஷம் ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் அந்தச் சபையில் காணிக்கைக் கணக்கு எழுதுவது யார் என்று கேளுங்கள். பாஸ்டரே எழுதுகிறார் என்றால் உடனே வேறு இரண்டு பேரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பின்னாளில் யாராவது சந்தேகப்பட்டால் அவர் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தளிர்

நான் இன்னும் படிக்கிறவன், ஊழியத்துக்குப் போக வாஞ்சை உண்டு. எல்லா இடத்திலும் "எத்தனை பேர்" என்றுதான் கேட்கிறார்கள். கேரிக்கு முதல் ஞானஸ்நானம் கிருஷ்ண பால், 1800 டிசம்பரில், ஏழு வருஷம் கழித்து. பர்மாவில் அதோனிராம் ஜட்சன் 1813இல் வந்து 1819இல்தான் முதல் ஞானஸ்நானத்தைப் பார்த்தார். அப்படியிருக்க மூன்று வருஷத்தில் இவ்வளவு நடந்ததே பெரிது என்று அவருக்குச் சொன்னால் போதாதா?

எலீம்

தம்பி, வாஞ்சைக்கு ஸ்தோத்திரம். ஆனால் சோர்ந்தவரிடம் ஜட்சன் கதையைச் சொன்னால், "அவர் ஆறு வருஷம் தாங்கினார், என்னால் மூன்றே முடியவில்லை" என்றுதான் கேட்கும். பெரியவர்களின் பொறுமை சில நேரம் சாட்டையாக விழும்.

எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ், போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனைக்கொண்டு எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். பேச்சு ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். அப்போதும் "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்றவருக்கு, ஏழாயிரம் பேர் உண்டு என்றும் சொன்னார், எலிசாவையும் கொடுத்தார். கூட நடக்க ஒரு ஆள்!

பழைய மூப்பர்

எலிசாவைச் சொன்னீர்கள், அதைத் தொடருகிறேன். உள்ளேயிருந்தே ஆட்கள் எழும்பாவிட்டால் வெளியே இருந்து எவ்வளவு போய்ப் பார்த்தாலும் தீராது. எத்திரோ மோசேயிடம் சொன்னது அதுதான்: நீயும் தொய்ந்துபோவாய், உன்னோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள். தலைவன் சோர்ந்தால் ஜனமும் சோரும் என்று அந்த மாமனாருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜான் வெஸ்லியின் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1742இல் பிரிஸ்டலில் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு, வாரம் ஒரு பென்னி வாங்கி வர வேண்டும் என்று தீர்மானம். பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். வெஸ்லிக்கு அங்கேதான் பொறி தட்டியது. கடன் வசூல், ஆத்தும விசாரிப்பு ஆனது. அந்தப் பன்னிரண்டு பேர் வகுப்புகள்தான் மெதடிஸ்ட் சபைகளின் முதுகெலும்பு. அவற்றை நடத்தினவர்கள் பெரும்பாலும் பட்டம் பெறாத சாதாரண ஜனம்.

ஒரு சிக்கல் உண்டு. 1 தீமோத்தேயு 3இல் பவுல், நூதன சீஷனை, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனை, கண்காணியாக்காதே என்கிறார். அப்போஸ்தலர் 14இலோ விசுவாசத்துக்கு வந்து அதிக காலம் ஆகாத சபைகளில் மூப்பரை ஏற்படுத்துகிறார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? என் அனுபவத்தில், பட்டம் கொடுக்கத் தாமதியுங்கள், பொறுப்பு கொடுக்கத் தாமதிக்காதீர்கள். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தை, வியாதியஸ்தரைப் பார்ப்பதை, காணிக்கைக் கணக்கை இன்றைக்கே கொடுக்கலாம். இரண்டு வருஷத்தில் யார் மூப்பர் என்று சபையே சொல்லிவிடும்.

மூன்றாம்பெஞ்ச்

பல பாஸ்டர்கள் கொடுக்க மாட்டார்கள் ஐயா. "நான்தான் தொடங்கினேன்" என்ற எண்ணம் போகாது. அவரை உற்சாகப்படுத்துகிறோம் என்று அதையும் சேர்த்து வளர்த்துவிடக் கூடாது. அதனால்தான் மேடையில் கனம்பண்ணுவது எனக்கு ஆகாது.

எலீம்

இந்த ஒரு தடவை மூன்றாம்பெஞ்சோடு முழுச் சம்மதம்.

1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வி.எஸ்.அசரியா பேசினது ஞாபகம் வருகிறது. இரண்டு வருஷம் கழித்து தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். பணம் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராகக் கேட்டார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அனுப்புகிற சபைக்கும் போகிற ஊழியருக்கும் நடுவிலும் அதே கேள்விதான் நிற்கிறது. நாம் அவருக்கு மேலதிகாரியா, நண்பரா?

வாசல்காவலன்

எல்லோருக்கும் நன்றி. விசாரித்தேன். சாதாரண வாரத்தில் ஒருவரும் போய்த் தங்கினதில்லை, உறுதியாகிவிட்டது. மூன்றாம்பெஞ்ச் கேட்டதற்கு: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேறு சபையிலிருந்து வந்தவர்கள், அதில் இரண்டு குடும்பம் இப்போது பேசுவதில்லையாம். இதை அவர் எங்களுக்கு எழுதவே இல்லை. ஒலிவமரம் சிஸ்டர் சொன்னபடி என் மனைவி போன் செய்து பேசினதில் தெரியவந்தது. பேச்சு ஒன்றரை மணி நேரம் போயிற்று.

கமிட்டியில் மேடை வேண்டாம் என்று முடிவு. உதவித்தொகை அப்படியே தொடரும், குறைப்பது பற்றி அடுத்த வருஷம் அவரோடேயே உட்கார்ந்து பேசுவோம். கமிட்டியில் இல்லாத ஒரு மூத்த பாஸ்டரை அவரோடு பேசக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பேசுவது எங்களுக்குத் திரும்பி வராது என்று இருவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நானும் மனைவியும் வருகிற வாரம் போய் மூன்று நாள் தங்குகிறோம்.

ஒரு சந்தேகம். ஞாயிறு அங்கே இருந்தால் என்னைப் பிரசங்கிக்கச் சொல்வார். அவருக்கு ஓய்வாக இருக்குமே என்று ஒத்துக்கொள்ளலாமா?

ஒலிவமரம்

அவருக்கு ஓய்வு வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள் ஐயா. சில பேருக்குப் பிரசங்கம்தான் வாரத்தில் ஒரே சந்தோஷம், அதைப் பிடுங்கிவிடாதீர்கள். ஓய்வு வேண்டும் என்றால் பிரசங்கியுங்கள். எதுவானாலும் நாற்காலி போடவும் எடுக்கவும் கூட நில்லுங்கள். தங்குவதற்கு வெளியே அறை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வீட்டில் இடமே இருக்காது.

பழைய மூப்பர்

பேசாத அந்த இரண்டு குடும்பத்தை நீங்கள் போய்ச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். அது அவருடைய வேலை. அவர் கேட்டால் மட்டும் கூடப் போங்கள்.

தளிர்

ஐயா, நானும் கூட வரலாமா? நாற்காலி போடுவேன். கீபோர்டும் வாசிப்பேன்.

வாசல்காவலன்

தம்பி, தனிமடல் அனுப்புகிறேன்.